ஒன்பது படி கொலுவும் 850 சதுர அடியும்

கேள்வி: எனக்கு 71 வயது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 65. திருச்சி கே.கே.நகரில் ஒரு கிரவுண்டு மனையில் கீழும் மேலுமாக வீடு. மனை 1986-இல் வாங்கியது, வீடு 1989-இல் கட்டியது. எல்லாம் என் சம்பாத்தியம், என் பெயரில்தான் இருக்கிறது. மகன் சென்னையில், மகள் அமெரிக்காவில். நாங்கள் மாடிப்பக்கம் போயே ஒரு வருடம் ஆகிறது. மேடவாக்கத்தில் மகன் இருக்கும் அடுக்ககத்திலேயே 850 சதுர அடியில் ஒரு பழைய ஃபிளாட் 70 லட்சத்துக்கு வருகிறதாம். இந்த வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்கிறான். இங்கே 1 கோடியே 60 லட்சம் வரை போகும் என்கிறார் தரகர். விற்கலாமா? வரி எவ்வளவு வரும்? மீதிப் பணத்தை இப்போதே பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாமா? என் மனைவிக்கு இதில் தனியாக அபிப்பிராயம் ஒன்றும் இல்லை.
- திருச்சி வாசகர்

பதில்:

வணக்கம் சார்.

வரியை அப்புறம் பார்ப்போம். அதை ஆடிட்டராகிய நான் போட்டுக் கொடுத்துவிடுவேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வாக்கியம்தான். மனைவிக்கு அபிப்பிராயம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், பென்சிலால் பொடியாக ஒரு வரி இருக்கிறது: ‘ஒன்பது படி கொலு அந்த ஹாலில் கொள்ளுமா?’ கவரை ஒட்டக் கொடுத்தபோது உங்கள் வீட்டு அம்மா எழுதிச் சேர்த்திருக்கிறார் போல. அபிப்பிராயம் இருக்கிறது சார். நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன், கடைசியில்.

விற்கலாமா என்பதற்கு என் பதில்: சின்ன வீட்டுக்கு மாறுங்கள், ஆனால் இப்போதைக்கு எதையும் விற்காதீர்கள். போகிற ஊர் மேடவாக்கம்தானா என்பதையும் இன்னொரு முறை யோசியுங்கள்.

மாற வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் வீட்டிலேயே பட்டது. கும்பகோணத்தில் எங்களுக்கு இருந்தது திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி என்று தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீடு. அப்பா இருந்தவரை ‘இந்த வாசலை விட்டு நகர மாட்டேன்’ என்றார். அவர் போன மூன்றாவது வாரம் அண்ணன்களும் நானும் கூடத்தில் உட்கார்ந்து பேசி, 74 வயது அம்மாவை என் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் என்ன சொல்லியிருப்பார்? வீட்டை அவசர விலைக்குக் கொடுத்தோம். அம்மா கடைசிவரை காலை நாலரைக்கு எழுந்து, பெருக்க வாசலைத் தேடி, ஃபிளாட் கதவைத் திறந்து நடைக்கட்டில் நின்றுகொண்டிருப்பார். இருவரும் இருக்கும்போதே, இருவரும் பார்த்து, அம்மாவுக்குப் பழக்கமான தெருவிலேயே ஒரு சின்ன வீடாக எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. ஒருவர் போன பிறகு செய்கிற இடமாற்றத்தை அடுத்தவர்கள்தான் செய்வார்கள்.

அதனால், வீடு பார்க்கும்போது ‘நாங்கள் இரண்டு பேர் இருக்க இது போதுமா’ என்று பார்க்காதீர்கள். இருவரில் ஒருவர் மட்டும் இருக்கிற நாளில் இந்த வீடு ஓடுமா என்று பாருங்கள். வயதை வைத்துப் பார்த்தால் அந்த ஒருவர் உங்கள் வீட்டு அம்மாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை எழுத எனக்குக் கை வராமல் இல்லை, தினமும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறேன்.

இப்போது மேடவாக்கத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே அம்மாவுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர், உங்கள் மகன். அவருக்கு பெங்களூரிலோ அமெரிக்காவிலோ நல்ல வேலை கிடைத்தால், ‘அம்மா தனியாக இருக்கிறாள்’ என்று விட்டுவிடுவாரா? விடவும் கூடாது. அப்புறம் அந்த அடுக்ககத்தில் அம்மா, வாட்ச்மேன், லாரித் தண்ணீர், இவ்வளவுதான் மிச்சம். கே.கே.நகரில் பால்காரர் ஒரு நாள் பாக்கெட் அப்படியே தொங்குவதைப் பார்த்தால் காலிங்பெல்லை அடிப்பார். மருந்துக்கடைப் பையனுக்கு உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயர் தெரியும். 37 வருடம் ஒரே தெருவில் இருந்து சேர்த்த சொத்து இது. பத்திரத்தில் ஏறாது, ஆனால் வித்தால் திரும்ப வாங்க முடியாது.

என்னைக் கேட்டால் இதே கே.கே.நகரில், இல்லை நடந்து போகிற தூரத்தில், லிஃப்ட் உள்ள சின்ன ஃபிளாட்டாகப் பாருங்கள். மாடியை வாடகைக்கு விட்டுக் கீழே இருந்துகொள்ளலாமே என்று தோன்றும். கொஞ்ச நாளைக்கு ஓடும். ஆனால் மொட்டைமாடி ஒழுகினால் ஆள் தேடுவது, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க், தென்னை மட்டை விழுந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்த சண்டை, எல்லாம் உங்களோடேதான் இருக்கும். 80 வயதில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்திருக்கும் மூத்தோர் குடியிருப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது சொல்லியிருப்பார்கள். சாப்பாடு, நர்ஸ், பஜனை மண்டபம் எல்லாம் நன்றாகவே இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் மூன்று விஷயம் மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: மாதக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், வீடு உங்கள் பெயரில் பத்திரமா அல்லது டெபாசிட் கட்டி இருக்கும் குத்தகையா, படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வார்களா. மூன்றாவதைக் கேட்டதும் விற்பனைக்காரர் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் இருவருமே முடிவு செய்தாலும் தவறில்லை. பிள்ளை பாசத்துக்கு நான் எதிரி அல்ல. ஆனால் வாங்குவதற்கு முன்னால் அதே அடுக்ககத்திலோ பக்கத்திலோ வாடகைக்குப் போய் இருந்து பாருங்கள். ஐப்பசி அடைமழையில் தொடங்கி சித்திரை வெயில் வரை, ஏழு மாதம். தென்சென்னைப் புறநகரில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த மாதத்தில் லாரி வருகிறது என்பது இந்த ஏழு மாதத்தில் தெரிந்துவிடும். திருச்சி வீடு பூட்டியே கிடக்கட்டும். அந்த வாடகையைச் செலவு என்று நினைக்காதீர்கள், தப்பான வீட்டை வாங்கினால் பத்திரச் செலவு மட்டுமே எவ்வளவு என்று கீழே பாருங்கள்.

ஃபிளாட் எங்கே பார்த்தாலும் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். 850 சதுர அடி என்று சொல்வது பெரும்பாலும் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு. கதவுக்கு உள்ளே கால் வைக்கிற இடம் 600, 650 தான் இருக்கும். குளியலறை வாசலில் எத்தனை அங்குலப் படி இருக்கிறது, சக்கர நாற்காலி நுழையுமா, கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று பாருங்கள். லிஃப்டில் ஒரு ஸ்ட்ரெச்சர் போகுமா என்றும் பாருங்கள். பல லிஃப்டில் போகாது. பழைய ஃபிளாட் என்றால் பத்திரத்தில் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனை பாகம், எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது என்பதை வக்கீலிடம் காட்டுங்கள். கட்டடத்துக்கு வயதாக வயதாக விலை நிற்பது அந்த மண்ணில்தான்.

சரி, வரிக்கு வருவோம்.

1986-இல் வாங்கியது என்பதால், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. மனையும் கட்டடமும் சேர்ந்து ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன், சரியான தொகையை அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்க வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு, இங்கே வசிப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. லாபத்தில் நேராக 12.5 சதவீதம், அல்லது விலைவாசிக் குறியீட்டால் அடக்கத்தை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம், எது குறைவோ அது. 2001-02-ஐ 100 என்று வைத்தால் 2025-26-க்கான குறியீடு 376. ஆறு லட்சம் 22.56 லட்சமாகும், லாபம் 137.44 லட்சம், அதில் 20 சதவீதம் 27.49 லட்சம். நேர்வழியில் லாபம் 154 லட்சம், 12.5 சதவீதம் 19.25 லட்சம். உங்களுக்கு நேர்வழிதான்.

பயப்படாதீர்கள், அவ்வளவும் கட்ட வேண்டியதில்லை. வீட்டை விற்று வீடு வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கு லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். எல்லோரும் ‘54’ என்று சொல்லும் சலுகை இதுதான். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியது, சலுகை மாறவில்லை. பழைய ஃபிளாட் 70 லட்சம் என்றால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், ஆறு லட்சத்து முப்பதாயிரம். இதையும் வீட்டு விலையோடு சேர்க்கலாம், 76 லட்சம் சொச்சம். 154-இல் 76 போனால் 78. விற்ற ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடம் தொட முடியாது, அடகும் வைக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம்தான், அதற்கும் வரி உண்டு. ஆனாலும் உங்கள் கணக்கில் லாபமே. மிச்சம் 28 லட்சம், 12.5 சதவீதம் 3.5 லட்சம், செஸ் சேர்த்து 3 லட்சத்து 64 ஆயிரம். தரகர் கமிஷனைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். வாங்குகிறவர் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கட்டும் வரியாகப் பிடிப்பார், அதையும் இதில் கழித்துக்கொள்ளலாம்.

இதில் கால வரிசைதான் முக்கியம். புது வீட்டை விற்ற தேதிக்கு ஒரு வருடம் முன்பே வாங்கியிருக்கலாம், அல்லது விற்று இரண்டு வருடத்துக்குள் வாங்கலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதிக்குள் வாங்கி முடியவில்லை என்றால் பணத்தை வங்கியில் இதற்கென்று உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது விற்ற அன்றுதான். வாடகைக்குப் போய்ப் பாருங்கள், முதலில் விற்காதீர்கள் என்று நான் சொன்னதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. விற்றுவிட்டு வீடு தேடுகிறவர் நாள் எண்ணிக்கொண்டே தேடுவார், கிடைத்ததை வாங்குவார்.

‘பாதியை மனைவி பெயருக்கு எழுதிவிட்டு விற்றால் வரி குறையுமா’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். குறையாது. நீங்கள் கொடுத்த பங்கின் லாபம் சட்டப்படி உங்கள் கணக்கிலேயே வந்து சேரும். இன்னொருவர் வந்து ‘வெள்ளையில் ஒரு கோடி, மீதி கையில்’ என்பார். வீட்டு விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போடச் சட்டம் இருக்கிறது. போகட்டும், அந்த 60 லட்சத்தை எந்த வங்கியில் போட்டு மாதவட்டி வாங்குவீர்கள்? பீரோவில் வைத்துக்கொண்டு தூங்க முடியுமா?

பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது பற்றி: வேண்டாம் சார். உங்கள் பிள்ளைகள் நல்லவர்கள் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். முழு சர்வீஸ் போட்ட உங்களுக்கு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. உங்களுக்குப் பிறகு அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அகவிலைப்படி இரண்டிலும் உண்டு, ஆனால் அடிப்படையே குறைந்துவிடும். அந்த ஓட்டையை அடைப்பது இந்தப் பணம்தான். ஃபிளாட்டும் வரியும் போக 80 லட்சம் நிற்கும். 50 லட்சம் பத்திரத்தில், 30 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். அந்தத் திட்டத்தின் உச்சவரம்பு அதுதான், வட்டி நான் எழுதும்போது 8.2 சதவீதம். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு ஐந்து லட்சம் சொச்சம். வீட்டோடு ஒரு ஆள் வைத்துக்கொள்ள அம்மா யாரிடமும் கையேந்த வேண்டாம்.

புது ஃபிளாட்டை உங்கள் பெயரும் அம்மா பெயருமாகச் சேர்த்து வாங்குங்கள். அதோடு நிறுத்திவிடக் கூடாது. வங்கிக் கணக்கில் ‘இருவரில் ஒருவர்’ என்று இருப்பதுபோல வீட்டில் தானாக மாறாது. உயில் இல்லாவிட்டால் உங்கள் பாகம் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாகப் போகும். பிறகு அம்மா அந்த வீட்டை விற்க வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து பவர் பத்திரம் வர வேண்டும். உங்கள் பாகம் முழுவதும் மனைவிக்கு என்று உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதை அம்மா அவருக்குப் பிறகு கொடுக்கட்டும். யாருக்காவது செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது, நிபந்தனையை எழுதியிருந்தால் வாதாட வேண்டிய வேலை குறையும்.

உங்கள் சம்பாத்தியத்தில் வாங்கியதை விற்கப் பிள்ளைகளின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் வாங்குகிறவரின் வக்கீல் வாரிசுகளின் கையெழுத்தைக் கேட்பார். எதற்கும் மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பேசி வையுங்கள்.

வீட்டைக் காலி செய்வதை மாடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வருடமாக நீங்கள் ஏறாத மாடியில் இருப்பது எதுவும் உங்களுக்குத் தேவைப்படவில்லை என்பதை ஒரு வருடமே சொல்லிவிட்டது. ஆள் வைத்துக் கீழே இறக்குங்கள். பரணில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் அண்டாக்கள் இருக்கும், ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி இருக்கும், பித்தளைத் தவலை இருக்கும். பித்தளையை மட்டும் முதலில் வருகிறவரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டு பாத்திரக்கடையில் விசாரியுங்கள். மகளுக்கு வீடியோவில் காட்டி வேண்டியதைச் சொல்லச் சொல்லுங்கள், ‘அப்படியே இருக்கட்டும்மா’ என்றால் யாருக்காவது கொடுத்துவிடலாம். பீரோவைத் திறக்கும்போது துணிமணிக்கு முன்னால் காகிதங்களைத் தேடுங்கள்: 1986 மூலப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், உங்கள் பெயரில் பட்டா, 1989 கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது. எனக்குத் தெரிந்து அந்தக் கால வீடுகளில் காணாமல் போவது வரைபடம்தான். மாநகராட்சியில் நகல் வாங்க நாளாகும், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி அம்மாவின் கேள்வி. படி ஒவ்வொன்றும் 9 அங்குல அகலம் என்றால் ஒன்பது படிக்கு 81 அங்குலம், சுவரிலிருந்து ஆறே முக்கால் அடி முன்னால் வரும். 850 சதுர அடி ஃபிளாட்டின் ஹால் பத்துக்குப் பதினான்கு இருக்கலாம். அகலவாக்கில் வைத்தால் மூன்றேகால் அடிதான் மிஞ்சும், சுண்டல் வாங்க வருகிறவர்கள் உட்கார முடியாது. நீளவாக்கில் வைத்தால் ஏழேகால் அடி மிஞ்சும், ஆனால் சோஃபா வராந்தாவுக்குப் போக வேண்டும், டிவி பத்து நாளைக்கு மூடிக் கிடக்கும். ஐந்து படி என்றால் மூன்றே முக்கால் அடியில் முடிந்துவிடும். மரப்படியாக இருந்தால் ஆசாரியிடம் கொடுத்துக் கழற்றி மாட்டுகிறபடி செய்துகொள்ளலாம். பொம்மைகளில் பாதியை ஒரு வருடம், மீதியை அடுத்த வருடம் என்று முறை வைத்தும் அடுக்குகிறார்கள்.

ஒன்பதா ஐந்தா என்பதை நானோ நீங்களோ சொல்ல முடியாது. அடுத்து எந்த ஃபிளாட் பார்க்கப் போனாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், டேப் அவர் கையில் இருக்கட்டும்.